பிறர் எழுத்தில் வைக்கும் புள்ளி

நுழையும்முன்

ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்துவது நெடுங்கால வழக்கம். ஏட்டைப் படியெடுத்தவர்களும் அதனை அச்சுக்குக் கொண்டுவந்தவர்களும் அப்பணியைச் செய்தனர். இன்று கணினியும் கைப்பேசியும் அதனை எல்லார் கையிலும் ஒப்படைத்துள்ளன. இடைவெளி, நிறுத்தக்குறி, பத்தி, ஒற்று போன்ற சிறிய மாற்றங்களைப் பிறர் எழுத்தில் செய்யும்போதும் பின்பற்ற வேண்டிய பண்பாடு உண்டு. தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் துணைகொண்டு அப்பண்பாட்டை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

பலர் கூடி ஒன்றை எழுதுவது இன்று இயல்பாகிவிட்டது. பள்ளி ஆண்டுமலருக்கு மாணவர் தரும் கட்டுரைகளை மலர்க்குழுவினர் செப்பனிடுகின்றனர். செயல்திட்ட அறிக்கை ஒன்றை ஐந்து மாணவர்கள் ஒரே கோப்பில் எழுதுகின்றனர். 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதிய கட்டுரையை அவரை நேரில் கண்டிராத மற்றொருவர் திருத்துகிறார். 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் மின்னூல்களாக்கி வருகின்றனர். இவ்விடங்களில் எல்லாம் திருத்தும் வாய்ப்பு எளிதில் கிடைக்கிறது. திருத்தும் முறை அவ்வளவு எளிதில் கைவருவதில்லை.

பிழையைக் கண்டதும் திருத்தத் துடிப்பது நல்ல இயல்பே. ஆயினும் திருத்தப்படுவது பிறர் எழுத்து என்னும் நினைவு அத்துடிப்புக்கு முன் நிற்க வேண்டும். எழுதியவர் சொல்ல வந்ததைத் தெளிவாக வெளிப்படுத்தும் அளவிற்கே திருத்துபவருக்கு உரிமை உண்டு. அந்த அளவிற்குள் செய்த மாற்றத்தையும் பிறர் அறியும் வண்ணம் செய்தல் வேண்டும். இவ்விரண்டும் அமைந்த திருத்தமே நாகரிகமான திருத்தம்.

சிறு மாற்றமும் பொருள் மாற்றமும்

சிறிய திருத்தத்திற்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்ற வினா எழலாம். தமிழில் ஓர் ஒற்றும் ஓர் இடைவெளியும் செய்யும் வேலையை அறிந்தவர் இவ்வினாவை எழுப்ப மாட்டார். ‘வேலை கொடு’ என்பது பணி வழங்குமாறு கேட்பது. இடையில் ஒரு ககர ஒற்றைச் சேர்த்து ‘வேலைக் கொடு’ என்று எழுதினால், வேல் என்னும் படைக்கருவியைத் தருமாறு கேட்பதாகிவிடும். ‘தந்த பலகை’ என்பது ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்பது யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. ‘பலகை ஒலி’ மரத்திலிருந்து எழுவது. ‘பல கை ஒலி’ மக்கள் கூட்டத்திலிருந்து எழுவது.

நிறுத்தக்குறியும் இத்தகையதே. ‘அக்கா மகள் வந்தாள்’ என்னும் தொடரில் வந்தவள் அக்காவின் மகள். ‘அக்கா, மகள் வந்தாள்’ என்று காற்புள்ளி இட்டால், அக்காவை விளித்து மகளின் வரவைத் தெரிவிக்கும் தொடராக அது மாறிவிடுகிறது. சொல் எதுவும் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. ஆயினும் வந்தவளின் உறவும் கேட்பவரின் இடமும் மாறிவிட்டன.

புதுக்கவிதையின் அடிகளை இடமிச்சம் கருதி ஒரே வரியாகச் சேர்ப்பதும் இவ்வாறே கேடு பயக்கும். மரபுக்கவிதையில் அடியின் எல்லையை யாப்பு காக்கிறது. அடிகளைச் சேர்த்து எழுதினாலும் யாப்பறிந்தவர் பிரித்துக்கொள்வார். புதுக்கவிதையில் அடி எங்கே முடிகிறது என்பது கவிஞர் ஒருவரே அறிந்து செய்த முடிவு. அதனை அழித்துவிட்டால் மீட்டெடுக்க வழியில்லை. ஆகவே, ஒரு திருத்தம் சிறியதா பெரியதா என்பதை மாற்றிய எழுத்துகளின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பொருளும் ஓசையும் எழுதியவரின் நோக்கமும் மாறாதிருப்பின் அது சிறிய திருத்தம். இவற்றுள் ஒன்று மாறினும் அது பெரிய திருத்தமே.

ஏடு கற்பித்த பாடம்

எழுத்தின் உள்ளடக்கத்தைத் தொடாமல் வடிவத்தை மட்டும் செப்பனிடும் பணியைத் தமிழுலகம் பெருமளவில் மேற்கொண்ட காலம் 19ஆம் நூற்றாண்டு. ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை, செய்யுளும் உரைநடை போலத் தொடர்ந்தே எழுதப்பட்டிருந்தது. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதனைப் படிப்பவரே உய்த்துணர வேண்டியிருந்தது.

மெய்யெழுத்துகளும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். ஆயினும் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை சிதையக்கூடும் என்பதனால் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடாமல் விட்டனர். அதனால் ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஏட்டில் ஒன்றுபோலத் தோன்றின. ‘கொடு’ என்பதற்கும் ‘கோடு’ என்பதற்கும் வேறுபாடு தெரியவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் பதிப்பாசிரியர் ஒவ்வோர் இடத்திலும் புள்ளி உண்டா இல்லையா என்பதனை முடிவு செய்ய வேண்டியிருந்தது. யாப்பு, பொருள், உரையாசிரியர் கூற்று, பிற ஏடுகளின் பாடம் ஆகியவற்றை ஒப்புநோக்கிய பின்னரே ஒரு புள்ளியை இட முடிந்தது.

யாழ்ப்பாணத்து நல்லூரில் தோன்றிய ஆறுமுக நாவலர் (1822–1879) தாம் அச்சிட்ட நூல்களில் பிழையின்மையைப் பெரிதும் போற்றினார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைத் தொடக்கத்திலேயே முறையாகப் பயன்படுத்தியவர்களுள் அவர் ஒருவர். அவரைத் தொடர்ந்து சி.வை. தாமோதரனார் (1832–1901) வீரசோழியம், கலித்தொகை முதலிய நூல்களைச் சிதைந்த ஏடுகளிலிருந்து மீட்டு அச்சேற்றினார். பிற்காலத்தில், 1950களில், மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் பழந்தமிழ்ச் செய்யுட்களைச் சந்தி பிரித்துத் தந்தன. பொதுமக்கள் இலக்கியத்தை அணுகுவதற்கு அது பெருந்துணையாயிற்று. இவை அனைத்தும் பிறர் எழுத்தில் செய்யப்பட்ட வடிவத் திருத்தங்களே. இவை செய்யப்படாதிருந்தால் பழைய நூல்கள் பலவும் கற்றோர் சிலருக்கே உரியனவாக நின்றிருக்கும். எனவே, பிறர் எழுத்தைத் தொடவே கூடாது என்று விலக்குவதும் பொருந்தாது. தொடும் முறையே அறியத்தக்கது.

நிரப்பப்படாத இடங்கள்

அம்முறையை உ.வே. சாமிநாதர் (1855–1942) பணியிலிருந்து கற்கலாம். சீவகசிந்தாமணியை 1887ஆம் ஆண்டும், பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டும், சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டும், புறநானூற்றை 1894ஆம் ஆண்டும் அவர் பதிப்பித்தார். ஒரே நூலுக்குப் பல ஏடுகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார். ஏடுகள் வேறுபட்ட இடங்களில் தமக்குச் சிறந்ததாகத் தோன்றிய பாடத்தை மேலே அமைத்து, ஏனைய பாடங்களைப் ‘பிரதிபேதம்’ என அடிக்குறிப்பில் காட்டினார். ஏடு தந்து உதவியவர்களை முகவுரையில் நன்றியுடன் குறித்தார். தம் முடிவை ஏற்காதவரும் வேறு பாடத்தைத் தேர்ந்துகொள்ள இடமளித்ததே இம்முறையின் சிறப்பு.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. சாமிநாதருக்குக் கிடைத்த ஏடுகளில் அப்பகுதியில் சில பெயர்கள் சிதைந்திருந்தன. யாப்பறிந்த புலவர் ஒருவருக்கு அவ்விடத்தில் சீர் பொருந்தும் மலர்ப்பெயர்களைச் சேர்ப்பது கடினமான செயலன்று. அவர் அவ்வாறு செய்யாமல் வேறு ஏடுகளைத் தேடினார். தருமபுர ஆதீனத்து ஏட்டில் விடுபட்ட பெயர்கள் கிடைத்தன. அதன் பின்னரே அவை நூலில் இடம்பெற்றன.

எல்லா இடங்களிலும் தேடல் இவ்வாறு பயன் தரவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. பாடல்கள் சிலவற்றில் அடிகள் சிதைந்துள்ளன. அவ்விடங்கள் புள்ளிகளால் குறிக்கப்பட்டு வெற்றிடமாகவே விடப்பட்டன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காத நிலையிலேயே அந்நூல் அச்சேறியது. நிரப்பப்படாத அவ்விடங்களே நிரம்பியிருக்கும் அடிகளின்மீது படிப்பவருக்கு நம்பிக்கை தருகின்றன. ஓரிடத்தில் பதிப்பாசிரியர் தம் சொல்லைச் சேர்த்திருந்தால், ஏனைய இடங்களிலும் அவர் சொல் கலந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்திருக்கும்.

புலமை எல்லை மீறும் இடம்

திருத்துபவர் அறியாமையால் செய்யும் தவறு எளிதில் புலப்பட்டுவிடும். அறிவுடையவர் விருப்பத்தால் செய்யும் மாற்றம் அவ்வாறு எளிதில் புலப்படுவதில்லை. கம்பராமாயணத்துள் பிற்காலத்தார் பாடிச் சேர்த்தனவாகக் கருதப்படும் பாடல்களை ‘வெள்ளிப் பாடல்கள்’ என்று வழங்குவது உண்டு. அவற்றைச் சேர்த்தவர்கள் கம்பர்மீது வெறுப்புக் கொண்டவர்கள் ஆகார். கதை முழுமை பெற வேண்டும், சுவை கூட வேண்டும் என்னும் விருப்பமே அவர்களை இயக்கியிருக்கும். அதன் விளைவாகக் கம்பர் வாக்கு எது, பிறர் வாக்கு எது என்று பிரித்தறியும் சுமை பிற்காலத்தவர்மேல் விழுந்தது.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாதர் (1882–1954) கம்பர் கவிச்சுவையைப் பலரும் உணரச் செய்தவர். கம்பர் வாக்காக இருத்தல் இயலாது என்று தாம் கருதிய பாடல்களை அவர் விலக்கினார்; சில இடங்களில் சொற்களையும் மாற்றியமைத்தார். ஓசையும் உணர்ச்சியுமே அவருக்கு அளவுகோல்களாக இருந்தன. சுவைஞர் பலர் அதனை வரவேற்றனர். புலவர் பலர் ஏட்டுச் சான்று இன்றிச் சொல்லை மாற்றுதல் தகாது என மறுத்தனர். அவர் தம் கொள்கையை வெளிப்படையாகக் கூறியே செய்தார் என்பது மதிக்கத்தக்கது. எனினும், இத்தகைய திருத்தம் ஒரு வினாவை விட்டுச்செல்கிறது. படிப்பவர் சுவைப்பது கவிஞரின் கவிதையையா, திருத்தியவரின் சுவையையா? எழுதியவர் மறுமொழி கூற இயலாத நிலையில் இருக்கும்போது திருத்துபவரின் பொறுப்பு இருமடங்காகிறது.

வழக்கும் வழுவும்

இன்றைய எழுத்தில் இச்சிக்கல் மற்றொரு வடிவில் எழுகிறது. ‘கச்சான்’ என்பது மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குக் கடற்கரை மக்கள் வழங்கும் பெயர். ‘கொண்டல்’ கிழக்கிலிருந்து வரும் காற்று. கடலோர ஊரைச் சேர்ந்த மாணவி ஒருவர் தம் ஊர் மீன்பிடித் தொழிலைப் பற்றிய கட்டுரையில் இச்சொற்களை எழுதுவதாகக் கொள்வோம். கணினியின் பிழைதிருத்தி அவற்றின்கீழ்ச் சிவப்புக் கோடு இடலாம். மலர்க்குழு மாணவர் அவற்றை நீக்கி ‘மேற்குக் காற்று’, ‘கிழக்குக் காற்று’ என்று மாற்றக்கூடும். திசை மாறவில்லை, தொடரும் தெளிவாகவே உள்ளது. ஆனால், காற்றின் திசையறிந்து கடலுக்குச் செல்லும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த சொற்கள் அக்கட்டுரையிலிருந்து மறைந்துவிட்டன. தம் ஊர்ச்சொல் பிழையானது என்ற எண்ணத்தையும் அம்மாணவி கற்றுக்கொள்கிறார். அடுத்த முறை அவர் எழுதாமலே இருந்துவிடவும் கூடும்.

கரிசல் மண்ணின் பேச்சுவழக்கை எழுத்தில் நிலைபெறச் செய்தவர் கி. ராஜநாராயணன். அவர் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாகவும் வெளியிட்டார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ என்னும் அவருடைய புதினம் 1991ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அவருடைய தொடர்களைப் பொதுத்தமிழுக்கு மாற்றி அச்சிட்டிருந்தால் தமிழ் இலக்கியம் ஒரு நிலப்பகுதியின் குரலையே இழந்திருக்கும். வழு வேறு, வழக்கு வேறு. கைதவறி விழுந்த எழுத்துப்பிழை வழு. அதனைத் திருத்துவது உதவி. மண்ணும் தொழிலும் தந்த சொல் வழக்கு. அதனை மாற்றுவது அழிவு. இவ்வேறுபாட்டை அறியாதவர் சொல்லைத் தொடுவதற்கு முன் எழுதியவரைக் கேட்டறிதல் வேண்டும்.

பொருளையும் வழக்கையும் தொடாத வடிவ மாற்றத்திற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் தம் இதழில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. அதன்பின் ணை, லை, றா, னா முதலிய எழுத்துகள் புதிய வடிவம் பெற்றன. அதற்கு முன் வெளிவந்த நூல்கள் மறுபதிப்பில் புதிய வரிவடிவில் அச்சிடப்பட்டன. ஒலியும் சொல்லும் பொருளும் மாறாமையால் அம்மாற்றத்தை எந்த ஆசிரியருக்கும் இழைத்த தீங்காகக் கருதுவதில்லை.

திருத்துவோர் கடமை

இவற்றிலிருந்து திருத்துவோர்க்குரிய நெறிகள் சிலவற்றை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, முழுவதையும் படித்த பின்னரே திருத்தத் தொடங்குதல். முதற்பத்தியில் பிழையாகத் தோன்றுவது மூன்றாம் பத்தியில் எழுத்தாளரின் நோக்கமாக விளங்கக்கூடும். இரண்டாவது, ஐயமற்ற பிழையை மட்டும் தாமே திருத்தி, ஐயமுள்ள இடத்தில் குறிப்பு எழுதுதல். மூன்றாவது, தேவைக்கு மேல் தொடாமை. ஒரு காற்புள்ளிக்காகக் கோப்பைத் திறந்தவர் தொடர் முழுவதையும் தம் நடைக்கு மாற்றிவிட்டு வெளியேறுதல் முறையன்று. நான்காவது, செய்ததைச் சொல்லுதல்.

நான்காம் நெறிக்குத் தமிழ் விக்கிப்பீடியாவின் அமைப்பு எடுத்துக்காட்டாகும். அங்கு ஒரு கட்டுரையில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. பழைய வடிவமும் அழியாமல் இருக்கிறது. செய்த மாற்றத்தைச் சுருக்கமாகக் குறிப்பிட ஓர் இடம் உண்டு. எழுத்துப்பிழை நீக்கம், இடைவெளி சீர்செய்தல் போன்று எவரும் மறுக்க முடியாத மாற்றங்களைச் ‘சிறு தொகுப்பு’ என்று அடையாளமிடலாம். கருத்தை மாற்றிவிட்டுச் சிறு தொகுப்பு என்று குறிப்பது அவையை ஏமாற்றுவதாகும். கருத்து வேறுபாட்டைப் பேச்சுப் பக்கத்தில் உரையாடித் தீர்த்துக்கொள்வதே அங்குள்ள முறை. சாமிநாதரின் அடிக்குறிப்பு செய்த பணியையே இவ்வரலாற்றுப் பக்கமும் செய்கிறது.

பழைய நூல்களின் ஒளிப்படப் பக்கங்களைப் பார்த்து எழுத்தாக்கும் விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கத்தை மற்றொருவர் மீண்டும் சரிபார்க்கிறார். மூலநூலில் உள்ளவாறு தருவதே அங்கு நோக்கம். பழைய எழுத்துமுறை இன்றைய கண்ணுக்குப் பிழைபோலத் தோன்றினும் அதனைப் புதுமுறைக்கு மாற்றுவது மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை ஆகாது. திருத்துபவரின் வேலையையும் திருத்திப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதனை அவ்வமைப்பு உணர்த்துகிறது.

எழுதியோர் கடமை

நாகரிகம் திருத்துபவருக்கு மட்டும் உரியதன்று. எழுதியவருக்கும் அது வேண்டும். பொதுப்பணிக்கென எழுதிய ஒன்றில் ஒரு புள்ளியைக்கூட எவரும் தொடலாகாது என்று சினங்கொள்வது எழுத்தின் பயனைக் குறைக்கும். பிழை மலிந்த கட்டுரையைப் படிப்பவர் கருத்தை விட்டுப் பிழையை எண்ணத் தொடங்கிவிடுவர். அப்பிழையை நீக்கியவர் எழுதியவருக்குத் துணை செய்தவரே. முகமறியாத ஒருவர் தம் நேரத்தைச் செலவிட்டு ஓர் ஒற்றைச் சரிசெய்திருப்பின் அவருக்கு நன்றி கூறுவதே பெருந்தன்மை. திருத்தம் பொருந்தாதபோது அதனை உடனே அழித்துப் பழையதை வைப்பதைக் காட்டிலும், காரணத்தை எடுத்துரைத்து மறுப்பது நன்று. அக்காரணம் திருத்தியவருக்கும் அடுத்து வருபவருக்கும் பாடமாகும்.

பிழையைச் சுட்டும் சொல்லிலும் பண்பு வேண்டும். பலர் முன்னிலையில் ஒருவர் பிழையை நகைப்புக்குரியதாக்குவதால் மொழி வளர்வதில்லை. எழுதுவோர் எண்ணிக்கையே குறைகிறது. புதிதாக எழுத வந்தவருக்குத் திருத்தத்துடன் அதற்குரிய விதியையும் தனியே உணர்த்தினால், அவர் அடுத்த கட்டுரையைத் தாமே பிழையின்றி எழுதுவார்.

ஓலையில் புள்ளியிட அஞ்சிய காலம் கடந்துவிட்டது. இன்று விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு சொல் கோப்பு முழுவதும் நூறு இடங்களில் மாறிவிடுகிறது. மாற்றம் எளிதாகும் அளவிற்கு எச்சரிக்கையும் கூடுதல் வேண்டும். ஒரே ஒரு புள்ளிக்காகப் பல ஏடுகளை ஒப்பிட்டவர்களின் உழைப்பினால்தான் சங்கப் பாடல்கள் பிழையற்ற வடிவில் இன்றைய மாணவர் கைக்கு வந்துள்ளன. அம்மாணவர் உடன்பயில்பவரின் கட்டுரையைத் திருத்த அமரும்போதும் அதே பொறுமை அவர் கையில் இருத்தல் வேண்டும்.